மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள்: எல்லை வகுத்தது 1986இல், பவளம் தேறத் தொடங்கியது 2005இல்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைப் பற்றிய எந்தக் குறிப்பும் 1986ஆம் ஆண்டில்தான் தொடங்கும். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு பூங்காவாக அறிவித்த ஆண்டு அது. பவளத்தின் கணக்கில் அந்த ஆண்டு எதையும் மாற்றவில்லை. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 19 ஆண்டுகள் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது நின்றது 2005இல். பாறை தேறத் தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

கடல் காப்பகம் பவளத்துக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே பாதி விடை. மீதி விடை 2010இலும் 2016இலும் வந்த கோடைகளில் இருக்கிறது.

சல்லியால் ஆன தீவுகள்

தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். மண்டபம் கூட்டத்தில் சிங்கிள், குருசடை, முயல் தீவு உட்பட ஏழு. கீழக்கரை கூட்டத்தில் முள்ளி, அப்பா, ஆனைப்பார் உட்பட ஏழு. வேம்பார் பக்கம் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலிவினிச்சல்லி என மூன்று. தூத்துக்குடி பக்கம் வான், காசுவார், விலங்குசல்லி, கரியாசல்லி என நான்கு. சில பெயர்களிலேயே சல்லி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அலை உடைத்து ஒதுக்கிய பவளச் சல்லியும் மணலும் குவிந்துதான் இந்தத் தீவுகள் நிற்கின்றன. பாறை உயிரோடு இருக்கும்வரை சல்லியும் மணலும் புதிதாக வந்துகொண்டிருக்கும். பாறை போனால் வரவு நின்று, செலவு மட்டும் நடக்கும். பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் அப்படித்தான் நீருக்குள் போயின. 21 என்று இன்றும் எண்ணுகிறோம். நீருக்கு மேலே தெரிவது 19.

இங்கே பவளம் பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் ஆழத்துக்குள் வளர்கிறது. மாலத்தீவுப் படங்களில் பார்க்கும் கண்ணாடித் தண்ணீர் இங்கே கிடையாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அடிமண் கலங்கி, இரண்டு கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆழம் குறைவு என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கையில் ஒரு கம்பி இருந்தால் யாரும் எட்டிவிடலாம். வெயிலும் எளிதில் எட்டிவிடும். இந்தப் பூங்காவின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு எட்டுதல்களின் வரலாறு.

பாறையை ஏன் உடைத்தார்கள், எப்படி நின்றது

பவளக் கல் ஏறக்குறைய சுத்தமான கால்சியம் கார்பனேட். சுட்டால் வெள்ளைவெளேரென்ற சுண்ணாம்பு. வீட்டுக்கு அடித்தளமாகவும் சாலைக்கு ஜல்லியாகவும், சுண்ணாம்பை மூலப்பொருளாகக் கொண்ட ஆலைகளுக்கும் அது போனது. கடலோரக் கிராமத்தில் மீன்பாடு இல்லாத நாளில் கல் எடுக்கப் போவது ஒரு கூலி. அப்படிப் பல பத்தாண்டுகள் போனதிலும், நாசம் செய்யும் மீன்பிடி முறைகளாலும் சேர்த்து, சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துவிட்டது என்பது தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 21 தீவுகளையும் அளந்து சொன்ன கணக்கு. பத்தில் மூன்று பங்கு.

உடைத்த இடம் ஏன் தானாக ஆறுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள பவளத்தை மட்டும் எடுத்திருந்தால் அடிப்பாறை இருக்கும். அதில் புதிய குஞ்சு ஒட்டும். கல் எடுப்பவர்கள் அடிப்பாறையையே பெயர்த்தார்கள். மிஞ்சியது உருளும் சல்லி. நீரில் மிதந்துவரும் பவள இளவுயிரி குண்டூசித் தலை அளவு இருக்கும். அது ஒட்டிய சல்லி அடுத்த கச்சானில் புரண்டால் அதன் கதை முடிந்தது. ஆக உடைந்த பாறையில் காவல் போட்டுக் காத்திருந்தால் மட்டும் பவளம் வராது. அசையாத தளம் ஒன்று வேண்டும். பிறகு வரும் கான்கிரீட் சட்டங்களுக்கும் செயற்கைப் பாறைகளுக்கும் காரணம் இதுதான்.

1986 அறிவிப்பு ஏன் இதைத் தடுக்கவில்லை? பூங்காவின் எல்லை தரைப் பக்கம் மூன்றரைப் பாகம் ஆழத்திலும் கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழத்திலும் ஓடுகிறது. ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். வரைபடத்தில் இது கச்சிதமான கோடு. வள்ளத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு கோடு இல்லை. அலையின் மேல் எந்த அடையாளமும் கிடையாது. அடிமணல் நகர்ந்தால் ஆழமும் நகரும். தலைமுறையாகத் தொழில் செய்த பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், திடீரென்று நுழைவது குற்றம் என்றானபோது, எந்த இடம் உள்ளே, எந்த இடம் வெளியே என்று காட்ட ஒரு மிதவைகூட இல்லாமல் அது குற்றமானது. மீனவர்களின் மனத்தாங்கல் இன்றுவரை இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. காவலுக்கோ ஆளும் படகும் எண்ணெய்க் காசும் போதவில்லை. 140 கிலோமீட்டர் நீளத்தில் சிதறிக் கிடக்கும் தீவுகளை ஒன்றிரண்டு படகுகளால் காக்க முடியாது.

2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. கடல் அட்டையும் கடல் குதிரையும் அந்த ஆண்டில்தான் சட்டத்தின் கீழ் வந்தன. இதற்குப் பிறகு கல்லை வாங்குபவருக்கும் ஆபத்து வந்தது. காப்பகச் சட்டங்களில் இது பெரிதாகப் பேசப்படாத ஒன்று: எல்லைக்குள் எடுப்பவரைத் துரத்துவதைவிட, கரையில் வாங்குபவரை நிறுத்துவது எளிது. சுண்ணாம்புச் சூளைக்கு முகவரி உண்டு, வள்ளத்துக்கு இல்லை.

2002இல் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் துணை நிற்க, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கிராமங்களுக்குள் இறங்கியது. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள், சுழல்நிதிக் கடன், மாற்றுத் தொழில் என்று வேலை நடந்தது. மீனவ இளைஞர்களே வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை இந்தக் கரையை நாகப்பட்டினத்தைப் போல அடிக்கவில்லை. முதற்காரணம், இலங்கை குறுக்கே நின்றது. ஆனாலும் தீவுகளும் பாறைகளும் அலையை உடைத்ததைக் கரையில் இருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். கல் எடுக்கப் போனவர்களின் ஊர்களிலேயே கருத்து திரும்பியது. 2005இல் தூத்துக்குடிப் பக்கம் கல் எடுப்பது நின்றது. சட்டம், கூலிக்கு மாற்று, கண்ட அச்சம் என்ற மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்ததால் நின்றது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நின்றிருக்கும் என்று சொல்லத் துணிச்சல் இல்லை.

ஆறு எண்களில் பதினாறு ஆண்டுகள்

பாறையின் உடல்நிலையைச் சொல்ல உயிர்ப்பவளப் பரப்பு என்ற விழுக்காட்டைப் பயன்படுத்துகிறார்கள். அளக்கும் முறை எளிது. 20 மீட்டர் நாடாவைப் பாறையின் மேல் கரைக்கு இணையாக இழுத்துக் கட்டி, அதன் கீழே எந்த இடத்தில் எது தொடங்கி எங்கே முடிகிறது என்று செ.மீ. கணக்கில் எழுத வேண்டும். உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல், சல்லி என்று வகை பிரித்து, உயிர்ப்பவளத்தின் மொத்த நீளத்தை 20 மீட்டரால் வகுத்தால் விழுக்காடு வரும்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். நாடா தொய்ந்து பள்ளத்துக்குள் இறங்கினால் நீளம் கூடிக் கணக்குக் கெடும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் போடாமல் நல்ல பவளம் தெரிகிற இடத்தில் போட்டால், பாறை தேறியதாகப் பொய்க் கணக்கு வரும். அதனால்தான் இரும்புக் கம்பி அடித்து நிலையான இடம் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி எடுத்த கணக்கில் 21 தீவுகளின் சராசரி 2005இல் சுமார் 37 விழுக்காடு. கல் எடுப்பது நின்ற நான்கே ஆண்டுகளில், 2009இல், அது ஏறக்குறைய 43 ஆனது. 2010 கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது, 33க்கு இறங்கியது. மறுபடியும் ஏறி 2016 தொடக்கத்தில் 39க்கு அருகே வந்தது. 2016 கோடை அதை 23க்குத் தள்ளியது. 2021இல் 27 சொச்சம்.

இந்த எண்களை வைத்து ஒரு சிறு வகுத்தல் செய்து பாருங்கள். முதல் ஏற்றம் நான்கு ஆண்டில் ஆறு புள்ளி, அதாவது ஆண்டுக்கு ஒன்றரை. இரண்டாவது ஏற்றம் ஐந்தாறு ஆண்டில் ஆறு புள்ளிக்குச் சற்றுக் குறைவு, ஆண்டுக்கு ஒன்று. மூன்றாவது ஐந்து ஆண்டில் நாலரை, ஆண்டுக்கு ஒன்றுக்கும் கீழே. 2016இல் ஒரே கோடையில் போன 16 புள்ளியைத் திரும்பப் பெற, இந்த வேகத்தில் 17 ஆண்டுகள் வேண்டும். இரண்டு பெரிய வெளிறலுக்கு நடுவே கிடைத்ததோ ஆறு ஆண்டு. 2024இல் உலகம் முழுவதும் நான்காவது பெருவெளிறல் நடந்தபோது மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. இந்த முறை கிடைத்த இடைவெளி எட்டு ஆண்டு.

காப்பகத்தின் பயனையும் வரம்பையும் இந்த வகுத்தலிலேயே பார்க்கலாம். சூடு வரும் நாளைக் காவல் படகால் தள்ளிப்போட முடியாது. இரண்டு சூட்டுக்கு நடுவே பாறை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது மட்டுமே காப்பகத்தின் கையில் உண்டு. கல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 2010 வந்திருந்தால், 43லிருந்து 33க்கு இறங்கியிருக்காது. 37இலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ இறங்கியிருக்கும், ஏறவும் செய்திருக்காது.

சூடு என்ன செய்கிறது

பவளத்தின் திசுக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் சமைக்கிறது. பவளம் அதை உண்டு கல் கட்டுகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளை எலும்பு தெரியும். அப்போது பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிரவில்லை என்றால் சாகும்.

இதை எண்ணாக்க ஒரு வழி உண்டு. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கு உரிய நெடுநாள் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஒரு டிகிரியோ மேலோ கூடிய சூட்டைக் கடந்த 12 வாரத்துக்கும் கூட்டினால் வருவது டிகிரி வாரம். 4ஐத் தொட்டால் வெளிறல் பரவலாகும். 8ஐத் தாண்டினால் சாவு தொடங்கும் என்பது பொதுக் கணிப்பு. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆபத்துக் காலம். நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நிற்கும். தென்மேற்குக் காற்று பலமாக வீசிக் கடலைப் புரட்டினால்தான் குளிரும். காற்று பிந்துகிற ஆண்டு பவளத்துக்குக் கெட்ட ஆண்டு.

எல்லாப் பவளமும் ஒன்றுபோல் சாவதில்லை. கிளைவிடும் அக்ரோபோரா, போசிலோபோரா, தகடுபோல் படரும் மாண்டிபோரா ஆகியவை 2016இல் கொத்துக்கொத்தாகச் செத்தன. உருண்டைக் கல்போல் இருக்கும் போரைட்டீஸ் வெளிறினாலும் பெரும்பாலும் மீண்டது. மீன்குஞ்சு ஒளிய இடம் கொடுப்பவை கிளைப்பவளங்கள்தான். ஆகவே 23 விழுக்காடு பவளம் மிஞ்சியது என்ற கணக்கு மட்டும் போதாது. எந்தப் பவளம் மிஞ்சியது என்று கேட்க வேண்டும். உருண்டைக் கல் மட்டும் உள்ள பாறையில் கலவாய் மீன்குஞ்சுக்கு வீடு இல்லை.

செத்த பவளத்தின் மேல் சில வாரத்தில் இழைப்பாசி படரும். அங்கே மேய்ச்சல் மீன் வேண்டும். கிளிமீனும் ஓராவும் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்றால், அடியில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி பொருக்காகப் படியும். பவள இளவுயிரி தேடி ஒட்டுவது அந்தப் பொருக்கில்தான். மேய்ப்பு இல்லையென்றால் பாசி அடர்ந்து, வண்டல் பிடித்து, இடம் அடைபட்டுவிடும். மீன்பிடியைத் தடுக்கும் காப்பகம் பவளத்துக்கு உதவுவது முதலில் இந்த வழியில். ஓராவுக்குக் கரையில் நல்ல விலை உண்டு. அதனால்தான் இது கடினமும்கூட.

வலை, கூடு, நங்கூரம்

கல் எடுப்பது நின்ற பிறகு கையால் வரும் சேதம் சிறு சிறு துண்டுகளாக வருகிறது. மீன்கூடு வைப்பவர் கூட்டை மறைக்கவும் நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், நகராமல் இருக்கவும் சுற்றியுள்ள பவளத்தை உடைத்து மேலே போடுவார். ஒரு கூட்டுக்கு நாலைந்து துண்டு, வரிசையாகக் கூடுகள், வாரத்துக்கு இரண்டு முறை இடம் மாற்றம். தீர்வு சின்னது. கூட்டோடு கட்டிய கான்கிரீட் எடை, மறைக்க ஓலை. செலவும் அதிகமில்லை, ஆனால் கொடுத்துப் பழக்க ஆள் வேண்டும்.

அறுந்துபோன நைலான் வலை இன்னொன்று. கிளைப்பவளத்தில் சிக்கிய வலை ஒவ்வோர் அலைக்கும் இழுத்து இழுத்துக் கிளையை ஒடிக்கும். எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, படகிலிருந்து பிடித்து இழுப்பது. வலையோடு பவளமும் வரும். மூழ்கி, கத்தரியால் சிறு துண்டாக வெட்டி, பைக்குள் போட்டு எடுக்க வேண்டும். பழைய வலையின் மேல் பவளமே வளர்ந்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டுவது நல்லது.

விசைப்படகு அடியோடு இழுத்துவரும் வலையான இழுவைமடி பாறைக்குள் வராது, மடி கிழியும். ஆனால் ஓரத்தில் இழுத்தால் கிளம்பும் வண்டல் பாறையில் வந்து படியும். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட தடை, வெளிறல் காலத்தோடு அப்படியே பொருந்தி வருகிறது. பட்டினி கிடக்கும் பவளத்தின் மேல் வண்டல் விழாமல் இரண்டு மாதம் கிடைப்பது பெரிய வரம். ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. பாறைக்கு மிக அருகே தொழில் செய்வது நாட்டுப்படகுதான். வெளிறல் கண்ட ஆண்டில் மட்டும், கண்ட தீவுகளைச் சுற்றி மட்டும், கூடும் நங்கூரமும் சில வாரம் வேண்டாம் என்று கிராமத்தோடு பேசி முடிவெடுப்பது நடக்கக்கூடிய காரியம். முழுக் கடலையும் மூடச் சொல்வது அப்படியல்ல.

பாசி எடுக்கும் பெண்கள் போட்ட விதி

கரையோரக் கிராமங்களில் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று மற்ற வகைகளும் உண்டு. மரிக்கொழுந்து வளர்வது பவளச் சல்லியின் மேல். இரும்பால் சுரண்டினால் சல்லியும் சேர்ந்து வரும், ஒட்டிய பவளக் குஞ்சும் போகும். பூங்கா அறிவிப்புக்குப் பிறகு இவர்கள் வாழ்வாதாரம் சட்டத்துக்கு வெளியே போனது. பிடிபட்டால் தண்டம், கருவிகள் பறிமுதல்.

அவர்கள் சங்கமாகச் சேர்ந்து தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டி வேண்டாம், விசைப்படகுத் தடைக்காலத்தில் நாங்களும் நிறுத்துகிறோம் என்றார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது இந்தப் பணிக்காக. இந்த விதியைக் காக்க வனத்துறைக்குக் காவல் படகு தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் பங்கைக் குறைத்துக்கொண்டவள், அடுத்தவள் கூட எடுத்தால் அன்றே கண்டுபிடிப்பாள்.

எல்லை தாண்டி வருபவை

பாசி வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் என்னும் அயல் பாசி 2008இல் குருசடைத் தீவின் பவளத்தில் வேரூன்றியது பதிவானது. பிறகு சிங்கிள், முள்ளித் தீவுகளிலும் தென்பட்டது. வளர்ப்பை அனுமதித்தது இந்தத் தீவுகளுக்கு வெளியே உள்ள கடலில்தான். ஒடிந்த துண்டு வரைபடம் பார்த்து மிதப்பதில்லை. இது விதையால் பரவவில்லை, துண்டால் பரவுகிறது. விரல்நுனி அளவுத் துண்டு கிளைப்பவளத்தின் கவட்டில் மாட்டினால் போதும், தடித்த பாய்போல் படர்ந்து ஒளியை மறைத்து அடியில் உள்ளதைக் கொன்றுவிடும். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் எடுக்கிறது. எடுத்ததை நீருக்குள்ளேயே பையில் போட வேண்டும். மேலே கொண்டுவரும்போது ஒடிந்து விழும் ஒவ்வொரு துண்டும் புது நாற்று. ஒட்டிய அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் பிய்த்தால் மறுபடி முளைக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிப் போகாத பணி, செய்யாத பணிதான்.

2019இல் பூங்கோரை வந்தது. நாக்டிலுகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகும். மீனவர் வைத்த பெயர் பூங்கோரை. அது செத்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மண்டபம் பக்கம் மீன் செத்து ஒதுங்கியதைப் பலர் பார்த்தார்கள். அடியில் அக்ரோபோராவும் மாண்டிபோராவும் போசிலோபோராவும் செத்தது மூழ்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. 2016இல் அடிபட்ட அதே இனங்கள். தூத்துக்குடிப் பக்கமோ நகரக் கழிவுநீர் சத்தைக் கொண்டுவந்து பாசிக்கு உரம் போடுகிறது. இதற்குத் தீர்வு கடலில் இல்லை. சாக்கடை சுத்திகரிப்பில் இருக்கிறது. காப்பகத்தின் வனக் காப்பாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்தியக் கடல் காப்பகங்களின் பெரிய குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

வான் தீவும் 10,600 கான்கிரீட் பாறைகளும்

பாறை உடைந்ததால் அலை நேரே அடித்து வான் தீவு கரைந்தது. 1986இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது, 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேர். பூவரசன்பட்டியின் வழியில் அது போய்க்கொண்டிருந்தபோது, காலநிலை மாற்றத்துக்கான தேசியத் தகவமைப்பு நிதியில் கடல் பக்கம் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். மொத்தம் 10,600. ஒவ்வொன்றும் அடி அகன்று மேல் குறுகிய சரிவக வடிவம், பக்கங்களில் துளை.

துளை அலங்காரத்துக்கு அல்ல. அடைத்த சுவர் வைத்தால் அலை மோதித் திரும்பி அடியில் மணலைத் தோண்டும், சுவர் சாயும். துளை உள்ள வடிவம் அலையின் வேகத்தை உடைத்து, நீரை மெதுவாக உள்ளே விடும். மெதுவான நீர் சுமந்துவந்த மணலை உள்ளே போட்டுவிட்டுப் போகும். சரிவு இருப்பதால் வண்டல் தங்காது. பவளக் குஞ்சு பிடிக்க இடம் கிடைக்கும். வான் தீவு கரைவது நின்று மணல் திரும்பச் சேர்ந்தது, கான்கிரீட்டில் பவளம் ஒட்டியது, மீன் கூடியது.

இதோடு பவளம் நடுவதும் 2002 முதல் நடக்கிறது. ஏற்கெனவே ஒடிந்து கிடக்கும் உயிர்த்துண்டை எடுப்பது சிறந்தது. தாய்ப்பவளத்திலிருந்து வெட்டினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. துண்டைச் சிமெண்ட் பலகையில் நைலான் நூலால் கட்டி, பலகைகளைக் கான்கிரீட் சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் துண்டைக் கொல்லும். முன்கூட்டியே பலகையைச் சில வாரம் நீரில் ஊறப்போட வேண்டும். எடுத்த ஆழத்திலேயே நட வேண்டும். கோடைக்கு முன் நட்டால் வேர்பிடிக்கும் முன்பே வெளிறும். காற்று ஓய்ந்து நீர் குளிர்ந்த பிறகு நடுவதே முறை. கட்டு தளர்ந்தால் துண்டு ஆடும். ஆடும் துண்டு பலகையைப் பிடிக்காது. முதல் மூன்று மாதம் அடிக்கடி போய் நூலை இறுக்கி, பாசியைப் பல் தேய்ப்பானால் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

நட்ட பவளம் சூட்டில் சாகாது என்று யாரும் எண்ண வேண்டாம். 2010இலும் 2016இலும் அடிபட்டுத் தப்பிய பவளங்கள் கண்முன் இருக்கின்றன. நாற்றுக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் செய்யக்கூடியது.

ஐந்து குணங்கள் என்ற அளவுகோல்

உலகம் முழுவதும் 87 கடல் காப்பகங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. மீன்பிடிப்பே இல்லாமை, காவல், பத்தாண்டுக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழ்கடலோ மணலோ சூழ்ந்த தனிமை ஆகிய ஐந்தில் நான்கோ ஐந்தோ உள்ள காப்பகங்களில்தான் மீன் பெருகியது. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் வெளியே உள்ள கடலுக்கும் உள்ளே உள்ளதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆய்ந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான்.

மன்னார் வளைகுடாவுக்கு வயதும் பரப்பும் உண்டு. தனிமை கிடையாது, தீவுகள் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான். பிடிப்பே இல்லாமை சட்டத்தில் உண்டு, கடலில் இல்லை. காவல் கடல் அட்டைக் கடத்தலைப் பிடிக்கத் தனிப்படை அமைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அன்றாட நுழைவை அது தடுப்பதில்லை. ஐந்தில் இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். மெக்சிகோவின் காபோ புல்மோவில் ஊரே முன்னின்று மீன்பிடியை நிறுத்தியது. 1999 முதல் 2009க்குள் மீன் எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியது. அங்கே இருப்பது ஒரு சிற்றூர். இங்கே கரையோரம் நூற்றுக்கணக்கான கிராமங்கள். அதே மருந்தை அப்படியே ஊற்ற முடியாது.

ஆனால் 560 சதுர கிலோமீட்டரில் எல்லாவற்றையும் பாதி மூடுவதைவிட, சில தீவுகளைச் சுற்றி முழுவதும் மூடி, மிதவை கட்டி, அந்தந்த ஊர்க் காவலர் கையில் கொடுத்து, மற்ற இடத்தில் கூடு, தூண்டில் போன்ற தொழிலை விதியோடு ஒப்புக்கொள்வது பலன் தரும். மூடத் தக்கவை 2016இல் கிளைப்பவளம் மிஞ்சிய பார்கள். அவைதான் பக்கத்துப் பார்களுக்கு இளவுயிரியை அனுப்பும் நாற்றங்கால்.

கரியாசல்லித் தீவு 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2024இல் மூன்று சொச்சம். வான் தீவில் செய்ததுபோல அங்கேயும் செயற்கைப் பாறை இறக்கும் பணி தொடங்கியிருக்கிறது. இறக்கிய எண்ணிக்கையோடு அறிக்கை முடிந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் காற்று ஓய்ந்ததும் அதே கம்பிகளுக்கு இடையே அதே 20 மீட்டர் நாடாவைக் கட்டி, கான்கிரீட்டில் ஒட்டியிருக்கும் குஞ்சுகளில் எத்தனை அக்ரோபோரா, எத்தனை போரைட்டீஸ் என்று எண்ணி எழுதி, அந்த ஏட்டை வேம்பார், தருவைக்குளம் மீனவர்களும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.